ராசிக் கட்டத்துக்குள் புதையல்

அன்புள்ள பாலு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக சாந்தி சொன்னாள். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2022இல் வந்த ‘அட்டாரி 50’, அதாவது அட்டாரி கம்பெனியின் பழைய வீடியோ கேம் தொகுப்பை மருமகன் போட்டுக் கொடுத்தான். நீ வாய் ஓயாமல் புகழ்வாயே, நான்கு ஆட்ட வரிசையில் முதலாவதான அந்த ‘ஸ்வோர்ட்குவெஸ்ட்: எர்த்வேர்ல்ட்’ அதில் இருக்கிறது. பாவி, உன்னை நம்பித் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்!

பன்னிரண்டு ராசிக்குப் பன்னிரண்டு அறை. கயிறு, விளக்கு, குத்துவாள் என்று ஏதாவது கிடக்கும். எடுத்துக்கொண்டு போய் வேறொரு அறையில் போட வேண்டும். விளக்கு ரிஷபத்துக்கா துலாத்துக்கா, ஏன்? ஆட்டம் வாயே திறக்காது. நம்ம ஜோசியர் மாமாவாவது தட்சிணைக்கு ஏதாவது சொல்லிவைப்பார். குருட்டாம்போக்கில் சரியான பொருள்கள் சேர்ந்துவிட்டால் திரையில் இரண்டு எண்கள் வரும். அதற்குக் கொண்டாட்டம்கூடக் கிடையாது.

அந்த எண்கள் எதற்குத் தெரியுமா? அந்தக் காலத்தில் ஆட்டத்தின் பெட்டியோடு டிசி கம்பெனி போட்ட ஒரு காமிக்ஸ் கொடுத்தார்கள். அட்டாரி, டிசி இரண்டுமே அப்போது வார்னர் நிறுவனத்தின் கையில். முதல் எண் பக்கம், அடுத்தது கட்டம். அங்கே படத்துக்குள் ஒரு சொல் ஒளிந்திருக்கும். இப்படிப் பத்துச் சொற்கள் கிடைக்கும், ஆனால் ஐந்துதான் செல்லும். எந்த ஐந்து? பகா எண் உள்ள பக்கங்களில் இருப்பவை. அதற்கான குறிப்பும் காமிக்ஸுக்குள்ளேயே மறைந்திருக்கிறது. இதைப் படித்தபோது கை தட்டிவிட்டேன். ஆனால் பாலு, மூளைக்கு வேலை வைத்ததெல்லாம் காகிதம்தானே? அந்த கேசட்டுக்கு என்ன பெருமை?

அந்தச் சொற்களைக் கண்டுபிடித்து அனுப்ப அட்டாரி ஒரு பரிசுப் போட்டி வைத்தது. ஏறக்குறைய 5,000 பேர் விடை அனுப்பியதில் எட்டுப் பேருடையதுதான் சரி. இறுதிப் போட்டியில் ஜெயித்தவருக்கு 25,000 டாலர் மதிப்புள்ள, வைரம் பதித்த தங்கத் தாயத்து. நான்கு ஆட்டமும் முடிந்தால் 50,000 டாலர் வாள் என்றார்கள். வீடியோ கேம் சந்தை சரிந்து, 1984இல் அட்டாரி நிறுவனமே கைமாறியது. போட்டி பாதியில் நின்றது, நான்காவது ஆட்டம் அப்போது வெளிவரவே இல்லை. அடுத்த கேசட்டுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்த பையன்களை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆட்டம் மொக்கையாக இருந்துவிட்டுப் போகட்டும். தங்கத்தைக் காட்டி மொக்கையை விற்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், பழைய மாணவர் கூட்டத்துக்கு நீ போட்டிருக்கும் புதையல் வேட்டைத் திட்டத்தைப் பார்த்தேன். பரிசு பற்றி மூன்று பக்கம், விளையாட்டு பற்றி அரைப் பக்கம்! மாற்றிவிடுடா. தப்பான இடத்தில் தோண்டினால் தப்பு என்று சொல்ல அங்கே ஒருத்தனை நிறுத்து. ரவி மட்டும் வேண்டாம். அவன் விடையையும் சேர்த்துச் சொல்லிவிடுவான்.

உன்,
சேகர்