பங்குனியில் வற்றுகிற குளம்

பாளையங்கோட்டை
பங்குனி 22

அன்புள்ள சொர்ணத்துக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உத்திரத்துக்குக் கோயில், வீடு நிறைய ஆட்கள் என்று போய்விட்டதில் பதில் எழுத இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. பேத்திக்குப் பல் முளைத்ததும் அண்ணாச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் கேட்டு ரொம்பச் சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் நேரத்துக்கு விட்டுக்கொள்ளச் சொல். வலி குறைந்ததும் மருந்தை மறக்கிற ஆள் அவர். இங்கே எல்லாரும் சுகம். பெரியவன் தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்துவிட்டான், அதனால் சனி ஞாயிறு வீட்டில் சத்தம்தான்.

மான்செஸ்டரிலிருந்து உன் மகள் அனுப்பிய படங்களைப் பற்றி எழுதியிருந்தாயே, ஏரிக்கரை முழுக்க மஞ்சளாக டாஃபடில் பூத்திருக்கிறது என்று. கூடவே, "நமக்கு எங்கே வசந்தம், தை போனால் வெயில்தானே" என்று ஒரு பெருமூச்சு. ஏளா, உனக்கு மறந்துபோச்சா? நம்ம பக்கத்து வசந்தத்தை மரத்தில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி, வற்றுகிற குளத்துக்குள்ளே கிடக்கிறது. குளம் வற்றுகிறதே என்று எல்லாரும் முகம் சுளிக்கிற இந்த நாட்கள்தான் எனக்கு வருஷத்திலேயே பிடித்த நாட்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் பெருகின குளம் தை வரை நிறைந்து நிற்கும். பிசான நெல்லுக்கு மடை திறந்து திறந்து, மாசியில் அறுப்பு முடிகிறபோது பாதித் தண்ணீர் போயிருக்கும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். பங்குனி பிறந்ததும் தண்ணீர் நாளுக்கு நாள் உள்வாங்க, மாதக்கணக்கில் முங்கிக் கிடந்த வண்டல் ஈரத்தோடு வெளியே வருகிறது. அந்த ஈரம் காய்வதற்குள் முளைத்து, பூத்து, விதையைப் போட்டுவிட்டுச் சாக வேண்டிய செடிகள் எத்தனையோ இருக்கின்றன. மேலே தண்ணீர் சுருங்கச் சுருங்க மீனெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். கூட்டில் குஞ்சை வைத்துக்கொண்டிருக்கிற நாரைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

உத்திரத்துக்கு எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போனோம். நாங்குநேரி தாண்டி உள்ளே, நீயும் ஒருமுறை வந்திருக்கிறாய். வருஷம் முழுக்க ஈ காக்கை எட்டிப் பார்க்காத இடம், அன்றைக்கு வேனும் காருமாகக் கால் வைக்க வழியில்லை. பொங்கலிட்டு, படைத்து, பந்தி முடிய மதியம் ஆகிவிடும் என்று தெரியும். அதனால் அடுப்பு மூட்டிக் கொடுத்துவிட்டு நான் கழன்றுகொண்டேன். கோயிலுக்குப் பின்னால் இலுப்பை மரத்தடி முழுக்க விடியற்காலையில் உதிர்ந்த பூ. பேரன் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு "ஆச்சி, இனிக்கு" என்றான். பக்கத்திலேயே மாவிலங்கம். வெள்ளையாக விரிந்து பழுக்கப் பழுக்க வெண்ணெய் நிறமாகிற பூ, நடுவில் நீள நீளமாக ஊதாக் கேசரம். மரமே பூவாக நின்றது. உன் டாஃபடிலை இதற்குப் பக்கத்தில் வைக்கச் சொல், பார்ப்போம்.

அதை விட்டுவிட்டுக் கரையேறி, அந்தப் பக்கம் குளத்துக்குள் இறங்கினேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லாத பொட்டல். குனிந்தால்தான் தெரியும். முதலில் பொடுதலை. தரையோடு தரையாகப் படர்ந்து, விரல் நீளத் தண்டில் கருஞ்சிவப்பாக ஒரு சின்ன மொட்டு. அதைச் சுற்றி வளையமாக வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கடுகளவு பூக்கள். கீழ் வளையம் உதிர மேல் வளையம் பூக்கும். நகத்தளவு நீலப் பட்டாம்பூச்சிகள் அதன் மேலேயே திரிந்துகொண்டிருந்தன. அதைத் தாண்டி செருப்படை, இலையெல்லாம் சுருங்கி மடிந்து மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். அதன் பூவைப் பார்க்க மண்டியிட வேண்டும், என் மூட்டு அதற்கு ஒத்துக்கொள்ளாது. அறுத்த வயல் பக்கமாகக் கொட்டைக்கரந்தை. கோலிக்குண்டு அளவில் ஊதாப் பந்துகள், தொட்டால் கையில் பிசுபிசுப்பும் ஒரு காரமான வாசமும் வீடு வரை வரும். ஈரம் இன்னும் மிஞ்சியிருக்கிற இடத்தில் தேள்கொடுக்கு, வளைந்த நுனியோடு. நீர்முள்ளி பெரும்பாலும் காய்ந்து முள்ளாக நிற்கிறது, ஒன்றிரண்டில் மட்டும் நீலப்பூ. இதெல்லாம் சின்ன வயதில் நாம் மிதித்துக்கொண்டு போன செடிகள். நர்சரியில் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு இவை களை.

அங்கேதான் ஆள்காட்டிக் குருவி என்னைப் பார்த்துவிட்டது. அது கத்துகிற கத்துதான் உனக்குத் தெரியுமே, ஊரையே கூட்டிவிடும். கூடு பக்கத்தில் என்று தெரிந்து நான் பின்னாலேயே நடந்து வந்து ஒரு கருவேலத்து நிழலில் உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நேரம் கழித்து அது நடந்து வந்தது, நேராக அல்ல, எங்கெங்கோ போகிற மாதிரிப் போக்குக் காட்டிவிட்டு. பைனாகுலரில் பார்த்தேன். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை, லேசான பள்ளம், ஓரத்தில் சரளைக்கல்லும் ஆட்டுப் புழுக்கையும். மண் நிறத்தில் கருப்புத் திட்டுகளோடு நாலு முட்டை, கூர்முனை நாலும் உள்ளே பார்த்தபடி. வெயில் ஏற ஏற அது செய்ததைக் கேள். எழுந்து தண்ணீருக்குப் போய், வயிறு முங்க உட்கார்ந்து குலுக்கி இறகை நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட ஓடி வந்து முட்டை மேல் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் துணை வந்தது, இது எழுந்தது, அதுவும் வயிறு நனைந்துதான் வந்திருந்தது. அடைகாப்பது சூடு கொடுக்க என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இந்த வெயிலில் முட்டை வெந்துவிடாமல் காப்பதுதான் அதற்குப் பெரிய பாடு. பந்திக்குக் கூப்பிட ஆள் வரும்வரை நான் அசையவில்லை.

தண்ணீர் ஓரத்தில் வேறொரு கூத்து. ஊருக்குத் திரும்பப் போகிற பறவைகள் எல்லாம் சட்டை மாற்றிக்கொண்டிருக்கின்றன. தை மாதத்தில் சாம்பலாக நின்ற கருவால் மூக்கன் கழுத்தும் மார்பும் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. மஞ்சள் வாலாட்டி இப்போதுதான் பேருக்கு ஏற்ற மஞ்சளாக இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாளில் கிளம்பிவிடும். 2011-இல் தொடங்கின தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தை மாதத்தில் நடக்கிறது, நானும் போவதுண்டு. எண்ணிக்கைக்கு அந்த மாதம்தான் சரி. ஆனால் அழகுக்கு நான் பங்குனியைத்தான் சொல்வேன். வந்தவர்கள் மட்டுமா, உள்ளூர்க்காரர்களுக்கும் கல்யாணக் களைதான். மண் நிறத்தில் பதுங்கி நிற்கிற மடையானுக்கு முதுகெல்லாம் அரக்குச் சிவப்பு. உண்ணிக்கொக்குக்குத் தலையிலும் கழுத்திலும் மஞ்சள் பூசினாற்போல ஒரு நிறம். முக்குளிப்பானுக்குக் கன்னமும் கழுத்தும் சிவந்துவிட்டது. நீளவால் இலைக்கோழிக்கு வால் வளர ஆரம்பித்திருக்கிறது. அந்த இனத்தில் முட்டையிட்டதும் பெண் போய்விடும், அடைகாப்பதும் குஞ்சைப் பார்ப்பதும் ஆணின் வேலை. இதை நான் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாளே கூந்தன்குளம் போனோம். சித்தப்பா பிள்ளைகள் மும்பையிலிருந்து வந்தவர்கள், கட்டாயம் பார்க்கணும் என்றார்கள். 1994-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தியும் வந்தது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அரசாங்கத்துக்காகக் காத்திருந்தவர்கள் இல்லை. வீட்டு வாசல் வேம்பிலும் புளியிலும் மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும், கீழே திண்ணையில் ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். தீபாவளிக்கு வெடி கிடையாது. எச்சமும் மீன் வாடையும் ஊர் முழுக்க அடிக்கும், எங்கள் மும்பைக்காரப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தின. குளத்து வண்டலை அள்ளி வயலுக்கு அடிக்கிறவர்களுக்கு அந்த எச்சம் உரம். குளத்துக்குள் கருவேல மரங்களில் கூழைக்கடாக் குஞ்சுகள், தாயின் வாய்ப்பைக்குள் தலையையே நுழைத்து மீன் எடுத்துக்கொண்டிருந்தன. நாரைகள் உச்சி வெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடித்தன. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டியை உனக்கு ஞாபகம் இருக்கும், நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது ஒவ்வொரு பறவையையும் பேர் சொல்லிக் காட்டினாரே. அவர் இல்லாமல் அந்த ஊருக்குப் போவது எனக்கு இன்னும் பழகவில்லை.

சாயங்காலம் திரும்பும்போது மூன்றடைப்புக்கு முன்னால் சூறைக்குருவிக் கூட்டம். அடையப் போகிற நேரம். உதறிய சேலை காற்றில் சுருங்கி விரிகிற மாதிரி வானத்தில் திரும்பித் திரும்பிப் பறந்தது. காரை ஓரம் கட்டச் சொல்லி இறங்கிவிட்டோம். மூக்கைப் பொத்தின பிள்ளைகள்தான் இப்போது போகலாம் என்றாலும் வரமாட்டேன் என்றன.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு குளத்தை அழகுபடுத்தினார்கள். சரிவை வெட்டிச் செங்குத்தாக்கிக் கல் பதித்து, நடைபாதை போட்டு, விளக்கு நட்டு, நடுவில் படகு விட்டாயிற்று. நடக்க வசதிதான், நானும் நடக்கிறேன். ஆனால் குளத்துக்கு ஓரம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. உப்புக்கொத்திக்கு ஈர மண் வேண்டும், உள்ளானுக்குக் கணுக்கால் தண்ணீர், பவளக்காலிக்கு முழங்கால் தண்ணீர், நாரைக்கு அதற்கும் மேல். சரிவு இருந்தால்தானே அவரவர் ஆழத்தில் அவரவர் நிற்க முடியும்? இப்போது அங்கே நீர்க்காகமும் நாமக்கோழியும் மட்டும்தான். பொடுதலைக்கு இடமே இல்லை, கரையில் காகிதப்பூச்செடி வைத்திருக்கிறார்கள். காகிதப்பூ மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் வற்றுவதற்குக் கூடக் குளத்துக்கு உரிமை இல்லையா என்று தோன்றுகிறது. பேச வாய்ப்புக் கிடைத்த இடத்தில் சொன்னேன், "மேடம், தண்ணீர் நின்றால் நல்லதுதானே" என்றார்கள். அதற்கு மேல் விளக்க எனக்கும் பொறுமை இல்லை.

நீ சென்னைப் பெரும்பாக்கத்தில் பூநாரை பார்த்ததாக எழுதியிருந்தாய். அங்கேயும் தண்ணீர் குறைந்திருக்கும்போதுதான் அவை நிற்கும், கவனித்துப் பார். அடுத்தமுறை போகும்போது பூநாரையைப் படம் எடுத்து முடித்ததும் காலடியில் என்ன பூத்திருக்கிறது என்று பார்த்து எழுது. அந்தச் சேற்றில் என்னென்ன வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. படத்தை மகளுக்கும் அனுப்பு.

சித்திரை விசுவுக்கு ஊருக்கு வருகிறாய் என்றாயே, வந்தால் விசு முடிந்ததும் ஓடிவிடாதே. நாலு நாள் தங்கு. மூக்கன் அதுவரை இருந்தாலும் இருக்கும், இலைக்கோழிக்கு வால் முழுசாக வளர்ந்திருக்கும், கொன்றையும் பூத்துவிடும். விடியற்காலம் கிளம்பினால் எட்டு மணிக்குள் பார்த்துவிட்டு நிழலுக்கு வந்துவிடலாம். அண்ணாச்சியின் பழைய பைனாகுலரை எடுத்துவா, என்னுடையதில் ஒரு பக்கம் மங்கலாகிவிட்டது. வேப்பம்பூ காயவைத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், ரசத்துக்கு ஆகும். அண்ணாச்சிக்குச் சர்க்கரை என்பதால் அல்வா கிடையாது, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்ததும் ஒரு போன் போடு, ஸ்டேஷனுக்கு இவரை அனுப்புகிறேன்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன்
கோமதி