யாழினியின் முதுகுப் பெட்டி

நிஷி கசாய், டோக்கியோ
13 ஜூலை 2025

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. கட்டுப் பிரித்த மறுநாளே பூத்தொடுக்க உட்கார்ந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். அவரால் சும்மா இருக்க முடியுமா? சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போட்டுவிடு.

யாழினி பள்ளிக்குப் போகும் படத்தைப் பார்த்துவிட்டு, “இந்தச் சின்ன உடம்புக்கு எதற்கடி இவ்வளவு பெரிய பெட்டி? நீ வாங்கிச் சுமந்தால் என்ன?” என்று கேட்டிருந்தாய். இருபது வருடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தவள் நீ. உனக்கு ஒரு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை.

அதன் பெயர் ரந்தோசெரு. இங்கே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் முதுகில் மாட்டிப் போகும், பெட்டி போன்ற புத்தகப் பை. டச்சுக்காரர்கள் சிப்பாயின் முதுகுப் பையை ‘ரான்செல்’ என்பார்கள். அந்தச் சொல் ஜப்பானியர் வாயில் புகுந்து இப்படி ஆகிவிட்டது. படைக்கு வந்த பை பள்ளிக்கு வந்தது 1885-இல். ககுஷுயின் என்று பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளி. குதிரை வண்டியில், கைரிக்‌ஷாவில் வந்து இறங்குவார்கள். புத்தகத்தை வேலையாள் தூக்கி வருவான். இனி அதெல்லாம் கூடாது, பள்ளிக்குள் எல்லாரும் சமம், அவரவர் பொருளை அவரவரே சுமக்க வேண்டும் என்று அந்தப் பள்ளி உத்தரவு போட்டது. இரண்டு வருடம் கழித்து, பின்னாளில் தைஷோ பேரரசரான இளவரசர் அங்கே சேர்ந்தபோது, பிரதமர் இதோ ஹிரோபுமி பெட்டி வடிவத்தில் ஒரு தோல் பையைப் பரிசளித்தார். இன்றைய ரந்தோசெருவின் வடிவம் அதிலிருந்து வந்தது என்கிறார்கள். இளவரசருக்கே சலுகை இல்லாதபோது யாழினிக்கு நான் எப்படிச் சுமப்பது, சொல்!

ஆனாலும் ஏப்ரலில் முயன்று பார்த்தேன். பள்ளி தொடங்கிய முதல் வாரம், நல்ல மழை. ஒரு கையில் குடை, மறு கையில் பள்ளிக்குள் மட்டும் போடும் உள்காலணிப் பை என்று அவள் தடுமாறுவதைப் பார்த்துப் பெட்டியின் பிடியைப் பற்றி லேசாகத் தூக்கினேன். தோளைச் சட்டென்று விலக்கிக்கொண்டு, “என்னுடையது அம்மா” என்றாள். பள்ளி வாசலில் போய் நின்றபோதுதான் கவனித்தேன். எத்தனையோ அம்மாக்கள், அப்பாக்கள் வந்திருந்தார்கள். ஒருவர் தோளிலும் பிள்ளையின் பெட்டி இல்லை. இப்போது அவள் பக்கத்துக் கட்டடத்துப் பிள்ளைகளோடு தானாகவே நடந்து போய் வருகிறாள்.

பெட்டி வாங்கியதே ஒரு வைபவம். அடுத்த ஏப்ரலில் சேரப் போகிற பிள்ளைக்கு முந்தின வருடம் மே மாதமே கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். விலை 60,000 யென்னை ஒட்டி வருகிறது, ரூபாயில் 30,000-க்கு மேல். ஆறு வருடத்துக்கு ஒரே பெட்டிதான். அதற்குள் பழுதானால் செய்தவர்களே சரிசெய்து தருவார்கள். இங்கே தாத்தா பாட்டி வாங்கிக் கொடுப்பது வழக்கம் என்று சொன்னதும் மாமனார் தஞ்சாவூரிலிருந்து பணம் அனுப்பிவிட்டார். முன்பு பையன் என்றால் கறுப்பு, பெண் என்றால் சிவப்பு. இப்போது எல்லா நிறமும் வருகிறது. இவள் இளம் ஊதாவை விட்டு நகரவே இல்லை.

முதல் வருடப் பிள்ளைகளின் பெட்டிக்கு மேல் பளிச்சென்ற மஞ்சள் உறை போடுகிறார்கள். ‘சின்னப் பிள்ளை, பார்த்து ஓட்டு’ என்று வண்டிக்காரர்களுக்குச் சொல்லத்தான். தோள்பட்டையில் அபாய ஒலிப்பான் தொங்கும். கயிற்றை இழுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். பக்கத்தில் பை மாட்ட ஒரு கொக்கி உண்டு. அதில் தொங்கும் பை ஏதாவது வண்டியில் சிக்கி இழுபட்டால், பிள்ளையையும் சேர்த்து இழுக்காமல் கொக்கி தானே கழன்றுகொள்ளும். அதைக் கடைக்காரர் இழுத்துக் காட்டியபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் என் பிள்ளையை நினைத்து அந்தக் கொக்கியைச் செய்திருக்கிறார்.

பெட்டியைவிட என்னை அதிகம் வேலை வாங்கியது பெயர் எழுதும் சடங்கு. எல்லாவற்றிலும் பெயர் வேண்டும். குச்சி குச்சியாக, வட்ட வட்டமாக நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள் கொண்ட கணக்குப் பெட்டி ஒன்று. அதில் விரல் நகம் அளவு வில்லைகள். ஒவ்வொன்றிலும் அரிசி அகலப் பெயர்ச்சீட்டை இடுக்கியால் ஒட்ட வேண்டும். இரவு பதினொரு மணிக்கு விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு நானும் அவரும் ஒட்டினோம். ஜப்பானிய எழுத்தில் நம் ழகரத்துக்கு இடமில்லை. அதனால் என் மகள் நூறு துண்டுகளிலும் ‘யாரினி’ ஆகிவிட்டாள். கொஞ்சம் வலித்தது. கடைசியில் பென்சில் பெட்டியின் உள்மூடியில் மட்டும் தமிழில் ‘யாழினி’ என்று எழுதினேன். அதைத் தோழிகளுக்குத் திறந்து திறந்து காட்டுகிறாளாம்.

பென்சில் 2பி தான். அழுத்தாமலே கறுப்பாக எழுதும். சொடுக்கினால் முனை நீளும் பென்சிலுக்கு அனுமதி இல்லை.

நாற்காலியின் முதுகில் தலைமூடி ஒன்று மாட்டியிருக்கும். பஞ்சு வைத்துத் தைத்தது, காதை மூடித் தோள் வரை இறங்கும். நிலநடுக்கம் வந்தால் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒத்திகை முடிந்து வந்த அன்று வீட்டில் எனக்கு மாட்டிக் காட்டினாள். “முதலில் மேசைக்கு அடியில் போகணும், அம்மா. ஓடக் கூடாது, தள்ளக் கூடாது, பேசக் கூடாது” என்று எண்ணி எண்ணிச் சொன்னாள். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பென்சில், அழிப்பானோடு இதையும் கொடுத்து அனுப்புகிற ஊர் இது.

வெள்ளிக்கிழமை சுமை கூடிவிடும். உள்காலணி, விளையாட்டு உடை எல்லாம் துவைக்க வீட்டுக்கு வரும். மதிய உணவைப் பிள்ளைகளே முறை வைத்துப் பரிமாறுகிறார்கள். அவள் முறை வரும் வாரக் கடைசியில் வெள்ளை மேலங்கியும் தொப்பியும் வரும். அது பள்ளியின் உடை. நான் துவைத்து, இஸ்திரி போட்டுத் திங்களன்று அனுப்பினால் அந்த வாரம் வேறொரு பிள்ளை போட்டுக்கொள்ளும். போன மாதம் எங்களுக்கு வந்த அங்கியில் ஒரு பொத்தான் புதிதாகத் தைத்திருந்தது. எந்த அம்மாவோ, எந்த அப்பாவோ!

உன் கேள்வியில் உள்ள நியாயத்தை நான் மறுக்கவில்லை. பெட்டி மட்டுமே 1.2 கிலோ. புத்தகம், தண்ணீர்க் குப்பி, பள்ளி கொடுத்த டேப்லெட் எல்லாம் சேர்த்து ஒரு நாள் எடை பார்த்தேன்: 4.6 கிலோ. யாழினி 19 கிலோ. கோபமாக வந்தது. அவரவர் பொருளை அவரவர் சுமப்பது அழகான பழக்கம்தான், ஆனால் பொருளைக் கூட்டிக்கொண்டே போவது பெரியவர்கள் செய்கிற வேலை. வீட்டில் தேவைப்படாத புத்தகங்களைப் பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று 2018-இல் கல்வி அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதைச் சொல்லி வகுப்பாசிரியரிடம் கேட்டேன். இசைப் புத்தகமும் ஓவியப் பொருள்களும் இப்போது அங்கேயே இருக்கின்றன. விலை விஷயத்திலும் வழி இல்லாமல் இல்லை. ஹிடாச்சி நகரத்தில் 1975 முதல் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ரந்தோசெருவை இலவசமாகவே கொடுக்கிறார்கள். உன் பள்ளியில் அரசு கொடுக்கும் பையைப் பிள்ளைகள் எத்தனை மாதம் வைத்திருக்கிறார்கள் என்று எழுது.

அடுத்த வெள்ளியோடு கோடை விடுமுறை. ஒன்றாம் வகுப்பில் ஆளுக்கொரு நீலத் தொட்டியில் அசகாவோ வளர்க்கிறார்கள். காலையில் மலர்ந்து வெயில் ஏறியதும் சுருங்கிவிடும் கொடி. விடுமுறைக்குத் தொட்டி வீட்டுக்கு வர வேண்டும். அதைப் பிள்ளைகளால் தூக்க முடியாது, பெற்றோர் வந்து எடுத்துப் போங்கள் என்று பள்ளியே சீட்டு அனுப்பியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். கொடியை நசுக்காமல் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு நாளாக எனக்குப் பாடம் நடக்கிறது. செப்டம்பரில் தொட்டி திரும்பப் போக வேண்டும். விதை முற்றியதும் எடுத்து உறையில் போட்டு வைத்து, வரும் ஏப்ரலில் சேரும் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களாம். இவள் தொட்டியில் முளைத்ததும் அப்படி வந்த விதைதான்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அடுத்த கடிதத்தில் பூப்படம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
மலர்