வின்செஸ்டர் ஆயர் ஹென்றிக்கு ஒரு திறந்த மடல்

மேதகு ஆயர் அவர்களுக்கு,

எட்டு நூற்றாண்டுக்கும் மேல் தாமதமான மடல் இது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரியணைப் போர் நடந்தபோது, வின்செஸ்டர் சந்தைக்கு வருவோர் மீது கைவைக்கக் கூடாது என்று வாலிங்ஃபோர்டு கோட்டைத் தலைவர் பிரையனுக்கு எழுதினீர்கள் அல்லவா? மீறினால் இங்கிலாந்தின் துரோகிகளில் ஒருவராக அவரையும் எண்ணுவதாக மிரட்டினீர்கள். எனக்குச் சினமூட்டுவது அந்த வரிதான்.

பிரையன், இன்றைய பிரான்சிலுள்ள பிரித்தானியின் கோமகன் நான்காம் அலனுக்கு மணவாழ்வுக்கு வெளியே பிறந்தவர். கோமகப் பட்டம் இன்னொரு மகனான மூன்றாம் கோனனுக்குப் போயிற்று. பிரையனை வளர்த்து, ஆயுதம் கொடுத்து, வாலிங்ஃபோர்டின் வாரிசான பெண்ணை மணமுடித்து வைத்தவர் முதலாம் ஹென்றி மன்னர். உங்கள் சொந்தத் தாய்மாமன்!

அந்த மாமன்தான் தம் மகள் மெட்டில்டாவை வாரிசாக ஏற்பதாக 1127-இல் பெருமக்களிடம் சத்தியம் வாங்கினார். உங்கள் அண்ணன் ஸ்டீபனும் சத்தியம் செய்தார். 1135-இல் மன்னர் கண்மூடியதும் அதே அண்ணன் முடிசூடினார். அதற்குத் துணைநின்றவர் நீங்கள். 1141 பிப்ரவரியில் லிங்கன் நகரப் போரில் அவர் சிறைபட்டதும் மெட்டில்டாவை வரவேற்றீர்கள். ஆண்டு முடிவதற்குள் மீண்டும் அண்ணன் பக்கம். உடன்பிறந்த பாசம் என்றால் புரிந்துகொள்ளலாம். ஆனால் பிறருக்கு விசுவாசம் கற்பிக்க அது தகுதியாகிவிடுமா?

மெட்டில்டா பக்கம் நின்ற பிரையன் உங்களுக்கு எழுதிய பதிலை எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. உங்கள் மாமனான மன்னரின் மகளுக்குத் துணைநிற்கும்படி தமக்கு ஆணையிட்டதே நீங்கள்தான் என்று நினைவூட்டுகிறார். மன்னர் தந்த நிலம் பறிபோய்விட்டது, அதிலிருந்து ஒரு ஏக்கர் தானியமும் வருவதில்லை, ஆகவே பிழைக்க வேண்டியதை எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். விவிலியக் கதையில் திரும்பிப் பார்த்து உப்புத்தூணாகிப்போன லோத்தின் மனைவியைச் சொல்லி நீங்கள் எச்சரித்ததற்கு, அவர்களைத் தாம் பார்த்ததும் இல்லை, பழகியதும் இல்லை என்று பதில் வருகிறது. போர்வீரனுக்கு இவ்வளவு குறும்பு!

வழிப்பறியை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த வணிகர்கள் யாருடைய சத்தியத்தையும் மீறியவர்கள் அல்லர். கொள்ளைக்காரர் என்று அவரைத் திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். துரோகி என்பதுதான் பொருந்தவில்லை. 1142 டிசம்பரில் ஆக்ஸ்போர்டு முற்றுகையிலிருந்து பனியில் நடந்து தப்பிய மெட்டில்டா, அடைக்கலம் தேடி வந்தது அவருடைய கோட்டைக்குத்தான். ஸ்டீபன் பலமுறை முற்றுகையிட்டும் வாலிங்ஃபோர்டு விழவில்லை.

1153-இல் மெட்டில்டாவின் மகனை ஸ்டீபனுக்கு வாரிசாக்கிய உடன்படிக்கைக்கு நீங்களும் பாடுபட்டீர்கள். பிள்ளையில்லாத பிரையன் அதற்குள் வரலாற்றிலிருந்தே மறைந்துவிட்டார். அந்தக் கடிதத்தின் துரோகப் பழியையாவது திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பிரையன் பக்கம் நிற்கும் ஒரு வாசகன்