அவர் மொழியில் கேளுங்கள்

அமெரிக்காவில் எச்.ஐ.வி. நோயாளிகளைக் கவனித்துவரும் தமிழ் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும்,

வணக்கம். நான் டெக்சாஸில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். எச்.ஐ.வி.யோடு முதுமை அடைகிறவர்களின் ஞாபகத்தைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். எங்கள் கவுன்ட்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் முழுவதும் அவர்களிடம் கற்றதுதான்.

அதில் ஒருவர் மெக்சிகோவில் பிறந்து, இளவயதில் கட்டட வேலைக்காக இங்கே வந்தவர். அறுபதைத் தாண்டிவிட்டார். பல வருடங்களாக மாதம் தவறாமல் எச்.ஐ.வி. மாத்திரை வாங்கிப்போகிறார். ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்கு அடங்கியிருக்கிறது. போன வருடம் ஒரே மாதத்தில் இரண்டு முறை மாத்திரை வாங்க வந்தார். முதல்முறை வாங்கியதே நினைவில்லை. அடுத்த மாதம் பத்து நாள் தாமதம். சில்லறையை எண்ணிச் சரியாக வைக்கிற மனிதர், பர்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "கோசாஸ் தே லா எடாட்" என்று அவரே சொல்லிக்கொண்டார். நம் வீட்டில் "வயசானா இப்படித்தான்" என்பார்களே, அதே பேச்சு.

டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். ஒரு பொது கிளினிக்குக்குப் போயிருக்கிறார். அங்கே ஆங்கிலத்தில் ஞாபகச் சோதனை வைத்தார்கள். கூட வந்த மகள் மொழிபெயர்த்தாள். அப்பாவுக்கு எச்.ஐ.வி. இருப்பது அந்த மகளுக்குத் தெரியாது. அவளை வைத்துக்கொண்டு அவர் என்ன சொல்லிவிட முடியும்? மதிப்பெண் குறைவாக வந்தது. "படிப்பு கம்மி, இங்கிலீஷ் தெரியாது, அதனால்தான்" என்று அனுப்பிவிட்டார்கள்.

உங்களுக்கு இதை எழுதக் காரணம் இருக்கிறது. 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டறிந்தது சென்னையில்தான். உங்களில் சிலர் தாம்பரம் சானடோரியத்தில் பயிற்சி பெற்றிருப்பீர்கள். பெற்ற பிள்ளையிடம்கூட நோயை மறைத்து வாழ்கிற ஒருவரின் பயம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1996-ல் கூட்டு மருந்துகள் வந்த பிறகு இந்த நோயாளிகள் முதுமையைப் பார்க்கிறார்கள். இங்கே எச்.ஐ.வி. கண்டறியப்பட்டு வாழ்வோரில் பாதிக்கு மேல் 50 வயதைத் தாண்டியவர்கள். மக்கள்தொகையில் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. புதிய தொற்றுகளிலோ மூன்றில் ஒரு பங்கு. ஸ்பானிஷ் பேசுகிற முதிய நோயாளிகள் உங்கள் கிளினிக்கில் இன்னும் பெருகத்தான் போகிறார்கள்.

வைரஸ் தொற்றிய சில வாரங்களுக்குள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது. நரம்பு செல்களை விட்டுவிட்டு, மூளையின் காவல் செல்களில் குடியேறுகிறது. மருந்து வைரஸை அடக்கினாலும் அங்கே அழற்சி முழுதாக அணைவதில்லை. சிகிச்சைக்கு முன் சி.டி.4 என்னும் நோய் எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை எவ்வளவு கீழே விழுந்ததோ, அந்த அளவுக்குப் பின்னாளில் மூளை பாதிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. தாமதமாகக் கண்டறியப்படுவது, வெளிநாட்டில் பிறந்து இங்கே வந்த லத்தீனோக்களிடையே (லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள்) அதிகம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். 2010-ல் வெளிவந்த சார்ட்டர் என்ற அமெரிக்க ஆய்வு எச்.ஐ.வி. உள்ள 1,555 பேரைச் சோதித்தது. ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஏதோ ஒரு அளவில் சிந்தனைத் திறன் குறைந்திருந்தது. முழு டிமென்ஷியா 2 சதவீதம்தான். பெரும்பாலும் லேசானது, அதனாலேயே கண்ணில் படாமல் போகிறது. மருந்துக்கடை கவுன்ட்டரில் ஒரு பர்ஸைத் திறக்கும்போதுதான் தெரிகிறது.

சரி, சோதித்துப் பார்க்கலாம் என்றால், எந்த அளவுகோலால்? எண்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை, ஏழு தவிர எல்லாமே ஓரசைச் சொற்கள். ஸ்பானிஷில் குவாத்ரோ, சிங்கோ, சியேத்தே, ஓச்சோ, நுவேவே என்று நீள்கின்றன. நீளமான சொற்களை அதே எண்ணிக்கையில் மனதில் நிறுத்துவது கஷ்டம். "நான்கு, இரண்டு, மூன்று, ஒன்று" என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். எச்.ஐ.வி.க்கென்றே 2005-ல் வந்த ஒரு சிறு சோதனை நாய், தொப்பி, அவரை, சிவப்பு என்ற நான்கு சொற்களை நினைவில் வைக்கச் சொல்கிறது. அந்த அவரையை மெக்சிகோக்காரர் ஃப்ரிஹோல் என்பார், போர்ட்டோ ரிக்கோக்காரர் அபிச்சுவேலா என்பார், வெனிசுவேலாக்காரர் கராவோட்டா என்பார். மோக்கா என்ற பரவலான ஞாபகச் சோதனையில் ஆறாம் வகுப்போடு நின்றவருக்கும் பன்னிரண்டு முடித்தவருக்கும் ஒரே ஒரு மதிப்பெண்தான் சலுகை. அந்த ஒன்று போதுமா?

இதைச் சரிசெய்யப் பாடுபட்டவர்கள் உண்டு. மரியானா செர்னரும் மரியா மார்க்கினேயும் சக ஆய்வாளர்களும் கலிபோர்னியா, அரிசோனா எல்லைப்பகுதியில் ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்ட 254 பேரைச் சோதித்து, 2021-ல் ஸ்பானிஷுக்கென்றே மதிப்பெண் அளவைகளை வெளியிட்டார்கள். அருமையான வேலை. ஆனால் அதில் வயது வரம்பு 60. எங்கள் கடைக்கு வரும் அந்த மனிதர் அதற்கு வெளியே நிற்கிறார். இன்னொன்று, மெக்சிகோ வம்சத்தவரைவிட போர்ட்டோ ரிக்கோ வம்சத்தவரிடம் பாதிப்பு அதிகம் என்று ஆய்வு காட்டியிருக்கிறது. ஹிஸ்பானிக் என்ற ஒரே பெட்டிக்குள் எல்லாரையும் போட்டால் இது மறைந்துபோகும்.

தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. மதிப்பெண் குறைந்தாலே எச்.ஐ.வி. மூளையைத் தின்றுவிட்டது என்று எழுதிவிடக் கூடாது என்று 2023-ல் ஒரு சர்வதேச நிபுணர் குழுவே சொன்னது. நல்ல மூளை உள்ளவருக்கு முத்திரை குத்துவதும் கொடுமை, நிஜமாகவே மறந்துபோகிறவரை "படிப்பு இல்லை" என்று திருப்பி அனுப்புவதும் கொடுமை.

அதனால் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். மகனையும் மகளையும் மொழிபெயர்ப்பாளராக உட்காரவைக்காதீர்கள். நோயைப் பற்றி வீட்டில் யாருக்குத் தெரியும் என்று முதலில் தனியாக அவரிடம் கேளுங்கள். 65 வயதில் மெடிகேர் என்னும் முதியோர் அரசுக் காப்பீட்டின் வருடாந்திரச் சந்திப்பு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஐம்பதிலிருந்தே வருடம் ஒருமுறை கேளுங்கள். சோதனைத்தாளை எடுப்பதற்கு முன்னால், வாடகைப் பணம் யார் கட்டுகிறார், சமையலில் என்ன மறக்கிறது, தெரிந்த வழியில் எப்போதாவது தொலைந்தாரா என்று விசாரியுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், மனச்சோர்வு, தூக்கம், பி12, காது கேட்பது எல்லாம் பாருங்கள். அப்புறம் மருந்துப் பட்டியல். இது என் துறை என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: சீட்டில்லாமல் வாங்கி, தூக்கத்துக்காகத் தினமும் போடும் டைஃபென்ஹைட்ரமின் ஒன்றே முதியவர்களின் ஞாபகத்தைக் குழப்பும். அது உங்கள் கோப்பில் இருக்காது. எங்களுக்கு ஒரு போன் போட்டால் சொல்லுவோம்.

அவருக்கு இப்போது ஸ்பானிஷ் பேசும் நிபுணரிடம் முழுச் சோதனைக்குத் தேதி கிடைத்திருக்கிறது, காத்திருக்கிறோம். ஏழு அறை மாத்திரைப் பெட்டி ஒன்றில் டொமிங்கோ, லூனெஸ், மார்த்தெஸ் என்று கிழமைகளை எழுதி ஒட்டிக் கொடுத்தேன். சனிக்கிழமைதோறும் காலிப் பெட்டியோடு வருகிறார். இரண்டு பேருமாக நிரப்புகிறோம். மகளிடம் அது சர்க்கரை மாத்திரை என்று சொல்லியிருக்கிறாராம்.

இப்படிக்கு,
டெக்சாஸிலிருந்து ஒரு பார்மசிஸ்ட்