தேய்ந்த பல்லை அடைக்கும் முன்…

ஐயா,

பல் கூசுகிறது என்று வருபவருக்குக் காரணம் தேடாமல் அடைத்து அனுப்பினால் தேய்மானம் நிற்காது. பல்லை உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மேலும் கீழும் பொருந்துகிற தட்டையான பளபளப்பு, பல் நறநறப்பதன் அடையாளம். ஈறோரம் ஆப்பு வடிவில் வெட்டு என்றால் கரித்தூள், செங்கல் பொடி, முரட்டுப் பிரஷ் பற்றிக் கேளுங்கள். கடைவாய்ப்பல் முகட்டில் குழி, பழைய அடைப்பு மேடாக நிற்பது: அமிலம் பல்லைக் கரைத்ததன் அடையாளம். மேல் முன்பற்களின் உட்புறம் கரைந்திருந்தால் எதுக்களிப்பை, அதாவது வயிற்று அமிலம் வாய்வரை ஏறுவதை, கட்டாயம் விசாரிக்க வேண்டும். எலுமிச்சை சோடா மீது மட்டும் பழி போடக்கூடாது. சேலம் மாவட்டத்துக் குடிநீரில் மிகுந்த ஃபுளோரைடால் வரும் பல் கறையைத் தேய்மானமாக எண்ணிவிடவும் கூடாது.

வாயை ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மோசமான பல்லுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் இடும் பி.இ.டபிள்யூ.இ. (Basic Erosive Wear Examination – அமிலத் தேய்மானத்தை அளக்கும் அடிப்படைப் பரிசோதனை) முறை 2008 முதல் உள்ளது. அதைக் குறித்து வைத்தால்தான் அடுத்த முறை ஒப்பிட முடியும்.

– பல் மருத்துவர், அஸ்தம்பட்டி, சேலம்