ஏழாம் எண் அறை, அந்த ஒயர், இன்னும் சில விஷயங்கள்

அன்புள்ள விருந்தினர்களுக்கு,

வணக்கம். நம் விடுதியில் ஒரே ஒரு ராத்திரி தங்கியவர்களுக்கும், வருஷம் தவறாமல் வருகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மாடிப்படியில் ஒன்பதாவது படி எப்படி முனகும், ஏழாம் எண் அறையின் அலமாரிக் கதவு எப்போது தானாகத் திறக்கும் என்பதெல்லாம் உங்களில் சிலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் தங்கிப்போன ஒருவர், அந்த அலமாரிக்குப் பின்னால் ஓடும் ஒயரைப் படம் எடுத்து, “பேய் நடமாடுவதாக நம்ப வைக்க ஸ்பீக்கர் வைத்துக் காலடிச் சத்தம் போடுகிறார்கள்” என்று எழுதிவிட்டார். படம் ஊரெல்லாம் சுற்றுகிறது. எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள்.

அது தீ அலாரத்தின் ஒயர். மரத்தளம் போட்ட பழைய கட்டடத்தில் ஆட்களைத் தங்க வைக்கிறோம், அலாரம் இல்லாமல் முடியுமா? சுவரைக் குடைந்தால் பழைய சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து விழும் என்று வெளியிலேயே ஓட விட்டோம். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று அலமாரியை நகர்த்தி மறைத்தது என் யோசனை. தப்பு அங்கேதான். மறைக்காமல் விட்டிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒயரின் ஒரு முனை கூரையில் இருக்கும் புகை உணரும் கருவிக்குப் போகிறது, மறுமுனை வரவேற்பறையில் இருக்கும் சிவப்புப் பெட்டிக்கு. நடுவில் ஒன்றும் கிடையாது. படம் கிடைத்த அன்றே இரண்டு பேரை வைத்துக்கொண்டு அலமாரியை இழுத்து, பின்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். நான் வைக்காத ஸ்பீக்கரை நானே தேடினேன். அந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

சத்தம் வருவது உண்மைதான், அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. பகலெல்லாம் சூடேறிய மரம் ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது, பலகை ஆணியில் உரசி முனகும். ஒரு படி முனகி, கொஞ்சம் பொறுத்து அடுத்த படி முனகினால் யாரோ ஏறி வருகிற மாதிரியே இருக்கும். குழாயைச் சட்டென்று மூடினால், ஓடிவந்த தண்ணீர் முட்டி நின்று சுவருக்குள் ‘தொம்’ என்று இடிக்கும். இதோடு புது இடத்தில் முதல் ராத்திரி யாருக்கும் தூக்கம் சரியாக வராது. 2016இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில், முதல் இரவு மூளையின் ஒரு பாதி மற்ற பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்காமல் காவல் இருக்கிறது என்று கண்டார்கள். அப்படிப் பாதி விழித்த மூளையோடு ஒன்பதாவது படியைக் கேட்டால் எனக்கும் பயமாகத்தான் இருக்கும். நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி, கைகால் அசையாமல் விழித்துக் கிடந்ததாக எழுதியவர்களுக்கும் சொல்கிறேன்: நம் பாட்டிகள் ‘அமுக்குவான்’ என்று சொன்னதுதான் அது. கனவுத் தூக்கத்தில் தளர்ந்த உடம்பு விழிப்பதற்கு முன்னால் மனசு விழித்துக்கொள்வதால் வருவது. சொந்த வீட்டிலும் வரும்.

“பேய் இருக்கிறது என்று சொல்லித்தானே ஆள் பிடிக்கிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். அப்பா காலத்துத் துண்டுப் பிரசுரத்தில் ‘படிக்கட்டுப் பெண்மணி’ என்று ஒரு வரி இருந்தது வாஸ்தவம். நானும் அதை எடுக்கவில்லை. ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டால் பிறகு விழுங்க முடியாது என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு அம்மா தன் வீட்டில் பேய் உலாவுவதாகப் பத்திரிகைகளுக்குச் சொல்லி வந்தார். வீட்டை விற்கும்போது மட்டும் வாங்குகிறவரிடம் அதைச் சொல்லவில்லை. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டப்படி அது பேய் வீடுதான் என்று எழுதி, வாங்க வந்தவர் ஒப்பந்தத்திலிருந்து விலக வழிவிட்டது. அந்த அம்மா நிலைமைதான் எனக்கும். ஆனால் கதை சொல்வது வேறு, ஸ்பீக்கர் வைப்பது வேறு.

காரணம் தேடாமலும் இருக்கவில்லை. விக் டாண்டி என்ற பொறியாளர், தன் ஆய்வுக்கூடத்தில் ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிவதற்கும் இனம் தெரியாத நடுக்கத்துக்கும் காரணம் புதிதாக மாட்டிய காற்றுப்போக்கி விசிறிதான் என்று கண்டுபிடித்து 1998இல் எழுதினார். அந்த விசிறி எழுப்பியது காதுக்குக் கேட்காத, நொடிக்குச் சுமார் 19 அதிர்வு உள்ள ஒலி. அதைப் படித்துவிட்டு நம் சலவை அறை விசிறியைப் பத்து மணிக்கே நிறுத்திப் பார்த்தோம். ஒன்றும் மாறவில்லை. பிறகு, அடிக்கடி வரும் டாக்டர் ஒருவர் 1921இல் ஒரு கண் மருத்துவ இதழில் வந்த கட்டுரையை அனுப்பினார். ஒரு பழைய வீட்டில் குடும்பமே காலடிச் சத்தம் கேட்டு, உருவங்கள் பார்த்து, தலைவலியோடு கிடந்ததாம். பார்த்தால், பழுதான சூடேற்றும் உலையிலிருந்து புகையும், அதோடு கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. நாங்களும் கேஸ் கீசர்களின் புகைக்குழாய்களைப் பார்க்கச் சொன்னோம். ஏழு, எட்டு, ஒன்பது அறைகளில் குருவிக்கூடு இருந்தது, எடுத்தாயிற்று. கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டியாயிற்று. கீசர்களை மாற்றும்வரை அந்த மூன்று அறைகளும் மூடியிருக்கும்.

என்னை ரொம்ப வருத்தியது ஒயர் பேச்சுகூட இல்லை. நம் இரவுக் காவலர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். மணிக்கொரு தரம் சாவிக்கொத்தோடு வராந்தாவைச் சுற்றி வருவார், பயந்து கீழே இறங்கி வந்தவர்களோடு விடியும்வரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். ஸ்பீக்கர் இல்லை என்றதும், “அப்படியானால் அந்தக் கிழவர்தான் நடந்து நடந்து பயமுறுத்துகிறார்” என்று கிளப்பிவிட்டார்கள். அவர் அதைப் படித்தார். மறுநாள் காலை சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, “இனி நான் நடந்தாலும் குற்றம், நடக்காவிட்டாலும் குற்றம்” என்றார். எவ்வளவோ கெஞ்சினேன். வேறு ஆள் கிடைக்கும்வரை, பன்னிரண்டிலிருந்து ஐந்துவரை கீழே யாரும் இருக்க மாட்டார்கள். மேசையில் இருக்கும் மணியை அடித்தால் பின்கட்டிலிருந்து நானே வருவேன். அடுத்த மாதம் முதல் வாடகையும் கொஞ்சம் கூடும்.

இந்தப் பேச்செல்லாம் கிளம்பிய பிறகும் முன்பதிவை ரத்து செய்யாத உங்களுக்கு என்ன கைம்மாறு செய்யப் போகிறேன்! “ஸ்பீக்கர் இருந்தால் நல்ல பாட்டாகப் போடச் சொல்லுங்கள்” என்று எழுதிய அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. அந்த வாரம் நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். மூடிய அறைகளுக்குப் பதிவு செய்தவர்களுக்குக் கீழ்த்தள அறைகள் தருகிறோம். அங்கே எந்தச் சத்தமும் கேட்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு அதற்கும் குறை சொல்லக் கூடாது. வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்ப வரும். போன குளிர்காலத்தில் ஏழு, எட்டு, ஒன்பது அறைகளில் தங்கித் தலைவலியோ குமட்டலோ இருந்தவர்கள் எனக்கு ஒரு போன் செய்யுங்கள்.

ஒயரை நேரில் பார்க்க நினைப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அலமாரியை நகர்த்தியே வைத்திருக்கிறோம். ஸ்க்ரூடிரைவர் வரவேற்பு மேசையின் முதல் இழுப்பறையில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் விடுதிக்காரன்