ஒரு முழங்கை விஷயம்

மாப்ளே,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதாதவன் திடீரென்று நீளமாக எழுதினால் கடன் கேட்கத்தான் என்று நினைப்பாய். கடன் இல்லை, ஆனால் உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். அம்மாவின் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மீசை சொன்னான், சந்தோஷம். இங்கே ஹூஸ்டனில் எல்லோரும் சௌக்கியம். என் தலைமுடியைப் பற்றி மட்டும் கேட்காதே.

போன மாதம் பிள்ளைகளுக்கு லீவு என்று டொமினிக்கன் குடியரசுக்குப் போயிருந்தோம். கடலெல்லாம் பிரமாதம், அதை விடு. போகா சிக்கா பக்கம் எங்களுக்குக் கார் ஓட்டியவர் எங்கள் ஹூஸ்டன் பேஸ்பால் அணி ஆஸ்ட்ரோஸின் தொப்பியை என் தலையில் பார்த்ததும் "அல்டூவே!" என்று ஸ்டீயரிங்கைத் தட்டினார். எங்கள் அணி ஆட்டக்காரன் அல்டூவேயின் கதையை உனக்கு நூறு தடவையாவது சொல்லி அறுத்திருப்பேன். வெனிசுலாவில் அணித் தேர்வுக்கு வந்த பையனைக் குள்ளம் என்று திருப்பி அனுப்பினார்கள், மறுநாளே அவன் மறுபடி வந்து நின்றான், 2007-ல் 15,000 டாலருக்கு எடுத்தார்கள், பத்தே வருடத்தில் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரன். இத்தனை நாளும் அது எனக்குச் சந்தோஷமான கதை.

டிரைவருக்கு 15 வயதில் ஒரு பையன். மறுநாள் காலை ஆறரைக்கு என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். ஓரத்தில் பொடிசுகள் தண்ணீர்க் கேன் மூடியைத் துடைப்பக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூடி காற்றில் வளைந்து வளைந்து வருகிறது, ஒருவன்கூடத் தவறவிடவில்லை. உள்ளே பெரிய பையன்கள். ஒரு ஆள் ஸ்டாப்வாட்சோடு 60 கெஜம் ஓடவிட்டுக் குறித்துக்கொள்கிறார். அப்புறம் நம்ம டிரைவர் பையன் மைதானத்தின் வலது மூலையிலிருந்து எதிர்ப்பக்கம் இருக்கும் மூன்றாவது பேஸுக்கு எறிந்தான். பந்து தரையே தொடவில்லை மாப்ளே, கிளவுஸில் 'டப்' என்று விழுந்த சத்தம் எனக்கு நெஞ்சில் கேட்டது. எறிந்துவிட்டு அவன் கையை உதறிக்கொண்டான். சும்மா ஒரு தடவை. அவன் அப்பா உடனே வேறு பக்கம் பார்த்தார்.

அந்த ஸ்டாப்வாட்ச் ஆளைப் புஸ்கோன் என்கிறார்கள். தேடிப் பிடிப்பவர் என்று அர்த்தம். கோச், ஏஜென்ட், விடுதிக்காரர் எல்லாம் அவரே. பள்ளியை நிறுத்திவிட்டு வரும் பையனுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்துப் பழக்கி, அணிகளின் ஆட்களிடம் காட்டி, கையெழுத்தாகும்போது 30 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வார். திட்டலாம்தான், ஆனால் வேறு யார் அந்தப் பையனுக்கு இரண்டு வருடம் சோறு போட்டார்கள் என்றும் தோன்றுகிறது.

அமெரிக்கப் பையன் என்றால் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும்வரை எந்த அணியும் அவனைத் தொட முடியாது. அப்புறமும் டிராஃப்ட் வழியாகத்தான், அதாவது அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். இந்த டொமினிக்கன் பையன்களுக்கு டிராஃப்ட் கிடையாது. 16 வயதானால் ஜனவரி 15-ம் தேதி கையெழுத்து. சட்டம் அப்படி. நடப்பது என்னவென்றால் 12, 13 வயதிலேயே வாய்வார்த்தையில் விலை முடிந்துவிடுகிறது, துண்டுக் காகிதம் கிடையாது. 18 ஆனால் கிழவன். ஆஸ்ட்ரோஸுக்குப் பந்து வீசிய ஃபிராம்பர் வால்டெஸ் 21 வயதில் வெறும் 10,000 டாலருக்கு வந்தவன். அதனால்தான் வயதில் தில்லுமுல்லு. வாஷிங்டன் அணி 2006-ல் 'ஸ்மைலி' என்ற 16 வயதுப் பையனுக்கு 14 லட்சம் டாலர் கொடுத்தது. 2009-ல் பார்த்தால் பெயரும் வேறு, வயதும் நாலு கூட. நம்ம அண்டர்-16 டீமில் ஷேவ் பண்ணிக்கொண்டு வந்து பௌலிங் போட்டாரே 'அங்கிள்', அவர் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். அவருக்குக் கிடைத்தது ஒரு பிரியாணிப் பொட்டலம்.

இப்படி வெளிநாட்டுப் பையன்களை எடுக்க ஒவ்வொரு அணிக்கும் வருடத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு வேறு. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் அணியான டாட்ஜர்ஸ் ஜப்பானின் ரோகி சசாகியை 65 லட்சம் டாலருக்கு எடுத்தது. ஜப்பானில் அவன் பெரிய நட்சத்திரம். ஆனால் 25 வயது ஆகவில்லை என்பதால் பணம் இந்தச் சின்னப் பையன்களின் உண்டியலிலிருந்தே போனது. டாட்ஜர்ஸ் வாக்குக் கொடுத்து வைத்திருந்த சில பையன்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. அன்று எங்கள் அணிக்கு வரவில்லையே என்று மட்டும் நான் வருத்தப்பட்டேன் பார், அதை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

இவர்களுக்கும் டிராஃப்ட் கொண்டுவரலாம் என்று 2022-ல் பேசி, ஜூலையில் அது முறிந்தது. டிரைவரும் வேண்டவே வேண்டாம் என்கிறார். போர்ட்டோ ரிக்கோவை டிராஃப்டில் சேர்த்த பிறகு அங்கே ஆட்டமே படுத்துவிட்டது என்பது அவர் வாதம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவர் பையனுக்கு 13 வயதில் ஒரு அணி வாக்குக் கொடுத்திருக்கிறது. எந்த அணி என்று எழுத மாட்டேன். அந்த வாக்கை நம்பி இவர் கடன் வாங்கி வீட்டுக்கு மாடி எழுப்பிவிட்டார், கம்பிகள் இன்னும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. வருகிற ஜனவரியில் கையெழுத்து. மூன்று மாதமாகப் பையனுக்கு முழங்கையின் உள்பக்கம் வலி. புஸ்கோனுக்குத் தெரியாது, தெரிந்தால் அணிக்குத் தெரியும், தெரிந்தால் விலை பாதியாகும், இல்லை ஒன்றுமே இல்லாமல் போகும். ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயம். காரை ஓரம் நிறுத்திவிட்டு, பாதி ஆங்கிலம் பாதி போன் மொழிபெயர்ப்பில் இதைச் சொன்ன மனிதர், யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உன்னிடம் சொல்லிவிட்டேன்.

உன் தோள்பட்டையை நினைத்துத்தான் சொன்னேன். 17 வயதில் வலியை மறைத்துக்கொண்டு அந்த இரண்டு மேட்ச் போட்டாயே, ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

வீடியோ இரண்டு அனுப்புகிறேன், ஒன்று பக்கவாட்டில், ஒன்று பின்னாலிருந்து. பி.டி. மாஸ்டராக இத்தனை வருடத்தில் நீ எத்தனை கை பார்த்திருப்பாய். எறிவதை உடனே நிறுத்த வேண்டுமா, எத்தனை வாரம், டாக்டரிடம் இழுத்துக்கொண்டாவது போகச் சொல்லட்டுமா, பார்த்துச் சொல். ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு, அவர் தினமும் காலையில் எனக்கு ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்புகிறார்.

உன்
வழுக்கை